அப்பாவின் கை நடுக்கத்துக்குத் தோட்டத்து மருந்து காரணமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருஷத்துக்கும் மேலாக கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போட்டு வருகிறார். மருந்து அடிப்பதும் அவர்தான். ஒன்றரை வருஷமாக வலது கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது. கோவையில் நரம்பியல் டாக்டர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் அடித்த மருந்துதான் காரணமா? ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா? உடம்பில் சேர்ந்த விஷத்தை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? இப்போது தம்பிதான் மருந்து அடிக்கிறான். அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம். இன்னொன்று: குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் படுக்கிறோம். அந்தப் புகையும் மூளையைப் பாதிக்குமா?
ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது இன்றிரவே மாற வேண்டியது. கரிச்சட்டியைப் படுக்கிற அறைக்குள் வைக்கவே கூடாது. கதவோரம் வைத்தாலும் கூடாது, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலும் கூடாது.

புகை அடங்கி, சிவந்து கனிந்த கரியால் ஆபத்தில்லை என்று மலையில் பலரும் நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் புகைதான் அடங்கியிருக்கும். கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் அது தெரியாமலே மயக்கத்துக்குப் போய்விடுவார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பிழைத்தவர்களிலும் சிலர் நன்றாகத் தேறிவந்த பிறகு, சில நாளிலோ நாலைந்து வாரத்திலோ, மறதியும் தடுமாற்றமும் பார்க்கின்சன் மாதிரியான விறைப்புமாகத் திரும்பி வருவார்கள். மூளையின் அடிப்பகுதியில் அசைவைச் சீராக்கும் பகுதி ஆக்சிஜன் பஞ்சத்தில் கெட்டுப்போவதே அதற்குக் காரணம்.

காலையில் எழும்போது வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் இருந்து, வெளியே போய்க் கொஞ்சம் நடந்ததும் அது விட்டுவிடுகிறதா? அப்படியானால் இந்த வாயு ஏற்கெனவே உங்கள் அறையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இதில் ஏமாற்றிவிடும். ஆக்சிஜனையும் இந்த வாயுவையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது, 98, 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் “கரி அடுப்பு வைத்த அறையில் படுத்திருந்தோம்” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்ப்பார்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். உங்கள் தம்பி மனைவி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வயிற்றிலுள்ள குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை அம்மாவின் ரத்தத்தைவிட அதிகம் பிடித்துவைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும்.

படுக்கையைச் சூடாக்க வெந்நீர்ப் பை போதும். தடித்த ரஜாய் இரண்டு வாங்குங்கள். குளிர் காய வேண்டுமென்றால் மாலையில் வாசலிலோ திறந்த திண்ணையிலோ காய்ந்துவிட்டு, நெருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

விறகடுப்புப் புகை வேறு கணக்கு. அதிலுள்ள நுண்துகள்கள் வருஷக்கணக்கில் மூளையின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. முதுமை மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் காற்று மாசையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் சேர்த்தது. நீலகிரிக் காற்று சுத்தம்தான், ஆனால் சமையலறைக் காற்று அப்படி இருக்காது. அடுப்புக்கு மேல் கூரையைத் தாண்டி ஒரு புகைக்குழாய் வைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

இனி அப்பா. நடு மூளையில், அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் ஒரு சிறு கூட்டமாக இருக்கின்றன. பார்க்கின்சனில் அவை மெல்ல மெல்ல அழிகின்றன. ஏறக்குறைய பாதிக்கு மேல் அழிந்த பிறகுதான் கை நடுங்கும். அதனால் நோய் தொடங்கியது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அல்ல. வாசனை தெரியாமல் போனது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால் உதைப்பது இவையெல்லாம் பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

பூச்சிக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதற்கான சான்று வலுவானது. 1982-இல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் ஒரு சில நாளிலேயே முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். ஊசியில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற மாசு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கி, டோபமின் செல்களை மட்டும் தேடிக் கொன்றிருந்தது. உடம்புக்குள் அது மாறும் வடிவமும், தேயிலைத் தோட்டங்களில் களைக்கு அடிக்கும் பாராகுவாட்டும் வேதி அமைப்பில் மிகவும் ஒத்தவை. வெளியிலிருந்து வரும் ஒரு ரசாயனம் இந்தச் செல்களைக் குறிவைத்து அழிக்க முடியும் என்பது அப்போதுதான் உறுதியானது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநில விவசாயிகளை 1993 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். பாராகுவாட்டோ ரோட்டினோன் என்ற பூச்சி மருந்தோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வருவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று அந்த ஆய்வு 2011-இல் சொன்னது. பூச்சிக்கொல்லியோடு வேலை செய்த விவசாயிகளின் பார்க்கின்சனை பிரான்ஸ் 2012 முதல் தொழில்சார் நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதெல்லாம் ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் அப்பாவுக்கு வந்தது மருந்தாலா, வயதாலா, பரம்பரையாலா, மூன்றும் சேர்ந்தா என்று எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மருந்தே தொடாதவர்களுக்கும் இது வருகிறது, ஆயுள் முழுக்க மருந்து அடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மருந்து ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்று சொல்வதுதான் நேர்மையான பதில். அப்பா தானே இழுத்துவிட்டுக்கொண்டார் என்று வீட்டில் ஒருவரும் பேச வேண்டாம். டப்பாவை விற்றவர்கள் அவர் கையில் ஒரு கையுறையைக் கொடுக்கவில்லை.

தோட்டத்து மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் வீட்டு அலமாரியில் உள்ள மாத்திரைகளைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம் இது. வயிற்று எரிச்சலுக்கும் கேஸுக்கும் தருகிற கேப்சூல்கள் சிலவற்றில் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். அது டோபமினைத் தடுக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் நடுக்கமும் விறைப்பும் பார்க்கின்சன் போலவே வரும், ஏற்கெனவே நோய் இருந்தால் அதைக் கூட்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் புரோக்ளோர்பெரசினும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளூனரிசின், சில மனநல மாத்திரைகள் இவையும் அப்படித்தான். கடையில் “கேஸ் மாத்திரை” என்று கேட்டு வாங்கியதை நோயாளிகள் டாக்டரிடம் சொல்வதே இல்லை, அதை மருந்தாகவே நினைப்பதில்லை. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். நிறுத்திய மறுநாளே நடுக்கம் நிற்காது, தேறுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம்.

ரத்தப் பரிசோதனை பற்றி: இப்போது அடிக்கும் பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை சில நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். இருபது வருஷத்துக்கு முன் அடித்ததை இன்றைய ரத்தம் காட்டாது. தலைமுடி சோதனை என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். உடம்பில் சேர்ந்த விஷத்தை எடுப்பதாகச் சொல்லும் ஊசிகளும் பானங்களும் அழிந்த டோபமின் செல்லை மீட்டுத் தராது. ஈயம் போன்ற சில உலோகங்கள் ரத்தத்தில் ஏறியிருப்பது பரிசோதனையில் உறுதியானால் மட்டும் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. காரணமில்லாமல் அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும், ரத்தத்தில் கால்சியம் இறங்கும். வேண்டாம். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவர் ஒருவர் கை நடுக்கத்தோடு வந்தால் பாதரசத்தைக் கட்டாயம் யோசிப்பேன், அந்த ஆவி நேரே மூளைக்குப் போகும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கோணம் இல்லை.

கோவை டாக்டர் கொடுத்தது லெவோடோபா, கார்பிடோபா கலந்த மாத்திரையாக இருக்க வேண்டும். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பருப்பு, முட்டை, பால், கறி இவற்றிலுள்ள புரதம் மாத்திரை குடலிலிருந்து ஏறும் வழியை மறித்துக்கொள்ளும். “மாத்திரை வேலை செய்யவில்லை” என்று வருகிறவர்களில் சிலருக்கு இந்த நேரத்தை மாற்றினாலே நடை சரியாகிறது. தொடக்கத்தில் குமட்டினால் டாக்டரிடம் கேட்டு டோம்பெரிடோன் வாங்குங்கள், மெட்டோகுளோபிரமைடு ஆகாது. நன்றாக இருக்கிறது என்று ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகும். நடுக்கத்துக்கென்று டிரைஹெக்சிபெனிடில் எழுதியிருந்தால், அந்த வயதில் அது மறதியும் குழப்பமும் தரும் என்பதால், தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நேரம் வீச்சான நடை. ஆனால் மேட்டு நிலத்துப் பாத்தி வரப்பிலும் ஈரப் படியிலும் வேண்டாம், திரும்பும்போதுதான் விழுவார்கள். சாலையோரச் சமதளம் நல்லது.

அப்பா இனி மருந்து டேங்கைத் தொடக் கூடாது. கலந்து மட்டும் கொடுக்கிறேன் என்பார். கலப்பதில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அப்போது கையில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. நடுங்கும் கையில் அது சிந்தும்.

உங்கள் தம்பியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அப்பாவுக்கு வந்ததை மாற்ற முடியாது, தம்பிக்கு வராமல் பார்த்துக்கொள்ள நிறையச் செய்யலாம். நான் மேலே சொன்ன அமெரிக்க விவசாயிகளிடமே பின்னால் இன்னொன்றையும் பார்த்தார்கள். பாராகுவாட், பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து இரண்டுக்கும் பார்க்கின்சனோடு இருந்த தொடர்பு, பாதி நேரத்துக்கும் குறைவாகக் கையுறை போட்டவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஒழுங்காகப் போட்டவர்களிடம் அது தெளிவாக இல்லை.

மருந்து மூச்சு வழியாகத்தான் உள்ளே போகிறது என்று நினைத்து எல்லாரும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். வயலில் தெளிக்கும்போது உடம்புக்குள் போவதில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான். தோலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற பூச்சி மருந்தை வைத்து அளந்தபோது, முன்கையில் ஒரு பங்கு உள்ளே போனால் நெற்றியில் நாலு பங்கும், அக்குளில் ஏழு பங்கும், விதைப்பைத் தோலில் கிட்டத்தட்ட பன்னிரண்டு பங்கும் போனது. டேங்க் மூடியில் கசிந்து முதுகு வழியாக இறங்கி இடுப்புக்குக் கீழே ஊறும் ஈரம், முகத்தில் படும் சாரலைவிட மோசம். மூக்கில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால் மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும் துணியாக அது மாறிவிடும்.

மலையில் இதோடு ஸ்வெட்டர் சேர்கிறது. காலை ஏழு மணிக்குப் பனியில் மருந்து அடிக்கப் போகிறவர் கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் மஃப்ளரும் போட்டுக்கொண்டுதான் போவார். சட்டையைத் துவைக்கிறோம், ஸ்வெட்டரை யாரும் தினம் துவைப்பதில்லை. ஒரு போகம் முழுக்க அடித்த மருந்தின் சாரல் அந்தக் கம்பளியில் ஏறிக்கொண்டே இருக்கும். அதே ஸ்வெட்டரோடு டீக்கடைக்குப் போகிறார், வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குகிறார், ராத்திரி அதோடே படுக்கிறார். உடம்புச் சூட்டிலும் வியர்வையிலும் அது திரும்பத் தோலுக்குள் போகிறது. தம்பியின் ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் மூன்றையும் மருந்து அடிக்கும் நாளில் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு பருத்திச் சட்டை, மேலே முழுக்கை மழைக்கோட்டு, தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி. குளிரும் தாங்கும், துடைத்தாலும் போகும்.

கையுறை நைட்ரில் என்று கேட்டு வாங்க வேண்டும். முழங்கை வரை நீளமும் ஓரளவு தடிமனும் வேண்டும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய ரப்பர் உறை எண்ணெய்க் கரைசல் மருந்துக்குத் தாங்காது. துணிக் கையுறையும் தோல் கையுறையும் வெறுங்கையைவிட மோசம், ஊறிப்போன மருந்தை விடாமல் வைத்திருக்கும். செடி இடுப்புக்குக் கீழே இருக்கும்போது சட்டைக் கை உறைக்கு வெளியே இருக்கட்டும். மேட்டுப் பாத்தியில் கையைத் தூக்கி அடிக்கும்போது உறை சட்டைக்கு மேலே வரட்டும், இல்லாவிட்டால் வழிவது நேரே உள்ளே போகும். பேன்ட் எப்போதும் கம்பூட்ஸுக்கு வெளியே. வேலை முடிந்ததும் உறையைக் கையில் போட்டபடியே சோப்பால் கழுவி, பிறகு கழற்ற வேண்டும்.

டேங்கை மருந்தோடு சோதிக்காதீர்கள். வெறும் தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகி, காய்ந்த சிமெண்டுத் தரையில் சாய்த்து வைத்து, ஐந்து நிமிஷம் அடித்துப் பாருங்கள். மூடி வாசர், குழாய் இணைப்பு, கைப்பிடி விசை இந்த மூன்றில்தான் கசியும். வாசர் சில ரூபாய்தான். பவர் ஸ்ப்ரேயராக இருந்தால் பின்னால் குழாய் இழுக்கிற ஆளை மறந்துவிடுகிறோம். மருந்து பட்ட இலைமேல் புரண்ட குழாயை வெறுங்கையில் பிடித்து இழுப்பவர் அவர்தான், அவருக்கும் கையுறை வேண்டும். முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். பழைய டூத்பிரஷ் ஒன்று பையில் இருக்கட்டும்.

கலக்கும் இடம் கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். மருந்து தண்ணீரில் கலந்துவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது. வாளியில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர், நீளமான குச்சியால் கலக்கல். மாங்கோசெப் போன்ற தூள் மருந்துப் பாக்கெட்டைக் கிழிக்காமல் கத்தரியால் வெட்டி, தண்ணீருக்கு மிக அருகில் தாழ்த்திக் கொட்டுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்-95 முகமூடி உண்மையிலேயே பயன்படும், தூசியை அது தடுக்கும். மாங்கோசெப்பின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாங்கனீசு. அந்தத் தாது தூசியை வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்தவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற விறைப்பும் தள்ளாட்டமும் வருவது 1837 முதலே மருத்துவத்துக்குத் தெரியும். காலியான டப்பாவில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி அரை நிமிஷம் குலுக்கி டேங்கிலேயே ஊற்றுங்கள், மூன்று முறை. பிறகு டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுவிட்டால் வேறு எதற்கும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

டப்பாவிலுள்ள வண்ண முக்கோணத்தை வைத்து “பச்சைதானே, பயமில்லை” என்று நினைக்க வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை, ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்பதைத்தான் சொல்கிறது. இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் நரம்புக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது. பார்க்கின்சனோடு அதிகம் பேசப்படும் பாராகுவாட்டே சிவப்பில் இல்லை, மஞ்சளில்தான் இருக்கிறது. மூன்று நாலு மருந்தை ஒன்றாகக் கலந்து அடிக்கும் வழக்கமும் இங்கே இருக்கிறது. கலிபோர்னியா விவசாயப் பள்ளத்தாக்கில், மாங்கோசெப்பின் உறவான மானெப்பும் பாராகுவாட்டும் சேர்ந்து அடித்த நிலத்துக்கு 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து சுமார் 75 சதவீதம் கூடியிருந்தது. இது மருந்து அடித்ததற்கான கணக்குகூட இல்லை, பக்கத்தில் குடியிருந்ததற்கான கணக்கு. கொட்டகையில் பழைய ஃபோரேட் குருணையோ மெத்தில் பாரத்தியானோ கிடந்தால் அவை தடை செய்யப்பட்டவை. மெத்தில் பாரத்தியானுக்கு 2018-இலும் ஃபோரேட்டுக்கு 2020 இறுதியிலும் தடை வந்துவிட்டது. எரிக்காமல், புதைக்காமல், பூட்டி வைத்துத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பூட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு பார்க்கின்சன் நோயிலேயே சேர்ந்து வருவது, அப்பாவின் மன உறுதிக் குறைவு அல்ல. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ தூக்கமின்றி விரக்தியாகப் பேசினாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. எல்லா டப்பாக்களும் வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டியில் பூட்டியிருக்கட்டும், சாவி தம்பியிடம் இருக்கட்டும்.

தம்பிக்குச் செய்யக்கூடிய பயனுள்ள ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு: கோலினெஸ்டரேஸ். குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸ், குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும் கார்போஃபியூரான் போன்றவையும் நரம்புகளில் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவே வெகுவாக வேறுபடும். மருந்தே தொடாமல் 30 நாள் இருந்த பிறகு ஒரு முறை எடுத்து அந்த அளவைக் குறித்து வைக்க வேண்டும். அடிக்கும் பருவத்தின் நடுவில் அதே லேபில் இன்னொரு முறை. சொந்த அளவிலிருந்து 20 சதவீதம் இறங்கியிருந்தால் எங்கோ மருந்து தோலில் படுகிறது, மேலே சொன்ன ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். சிவப்பணுக் கோலினெஸ்டரேஸ் 30 சதவீதம் இறங்கினால் அது பழைய நிலைக்கு ஏறும்வரை மருந்துப் பக்கமே போகக் கூடாது. மாங்கோசெப்பையும் பாராகுவாட்டையும் இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தம்பி மனைவி விஷயத்தில் கறாராக இருங்கள். ரத்தத்திலுள்ள ரசாயனங்களை மூளைக்குள் விடாத தடுப்பு, வயிற்றில் வளரும் குழந்தைக்குப் பெரியவர்களுக்கு உள்ளதுபோல முழுதாக உருவாகியிருக்காது. கருவில் குளோர்பைரிபாஸ் அதிகம் பட்ட நியூயார்க் குழந்தைகளுக்குப் பின்னால் நினைவாற்றலும் அறிவுத்திறனும் குறைந்திருந்ததைக் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அந்த மருந்தையே நிறுத்திவிட்டது. தம்பி மனைவி மருந்து கலக்கவோ, அடித்த இலையைத் தொடவோ, முக்கியமாகத் தம்பியின் துணியைத் துவைக்கவோ வேண்டாம். நம் வீடுகளில் ஆண் மருந்து அடித்துவிட்டு வருவார், பெண் வெறுங்கையால் கசக்கித் துவைப்பார். தம்பி தன் துணியைத் தானே, தனி வாளியில், கையுறையோடு, வெந்நீரும் கூடுதல் சோப்புத்தூளும் போட்டு இரண்டு முறை துவைத்து வெயிலில் போடட்டும். தண்ணீர் கலக்காத மருந்து கொட்டிய துணியைத் துவைக்கவே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும், தலையையும் நகத்தையும் தேய்த்து. அடித்த பாத்திக்குள் ஒரு நாளாவது யாரும் போக வேண்டாம். சாப்பிடும் காய்கறியில் இருக்கும் எச்சம் இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கேரட்டைத் தோல் சீவி, முட்டைக்கோஸின் மேல் இலை இரண்டை எடுத்துவிட்டால் போதும்.

அடிக்கும் தடவைகளைக் குறைப்பது இன்னும் நல்லது. பின்கருகல் நோயையும் முட்டைக்கூட்டு நூற்புழுவையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் ஊட்டி முத்தொரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே வந்தது. முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைத்தால் வைரமுதுகு அந்துப்பூச்சி அதற்குப் போகும்.

அடித்துக்கொண்டிருக்கும்போதோ அன்று மாலையோ வாயில் எச்சில் ஊறி, கண்ணீர் வடிந்து, வியர்த்து, பார்வை மங்கி, தசை துடித்தால் அது களைப்பல்ல, பாஸ்பரஸ் விஷம். துணி முழுவதையும் கழற்றி, சோப்பும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். கழுவுகிறவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மோரோ எலுமிச்சைச் சாறோ வேண்டாம். டப்பாவையோ லேபிள் படத்தையோ கையில் எடுத்துப் போங்கள், மாற்று மருந்தான அட்ரோபின் கொடுப்பதற்கு அது உதவும். தேறிவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்குக் கூட்டி வரவும் வேண்டாம். முதல் நாள் முடிந்து நாலாம் நாள் வரைக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளரலாம்.

அடுத்த முறை கோவைக்குப் போகும்போது ஒரு தாள் தயாராக இருக்கட்டும். எந்த வருஷம் முதல் எந்தப் பயிருக்கு எந்த மருந்து, வருஷத்துக்குச் சுமார் எத்தனை நாள், டேங்கா பவர் ஸ்ப்ரேயரா, கையுறை உண்டா, மருந்து அடித்து என்றாவது மயங்கி விழுந்தாரா என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர் இன்று சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். உரக்கடைப் பழைய பில்கள் கிடைத்தால் அவற்றையும் அதே பையில் வையுங்கள்.